எச்சிலில் வம்சம் தேடியவர்கள்

1. சந்தோஷம் விற்கும் கம்பெனி

தன் முன்னோர் யார் என்று தெரிந்துகொள்ள வந்தவர் என்று என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர்களில் ஒருவரைக்கூட என்னால் நினைவுகூர முடியவில்லை. எல்லாரும் அதை வீட்டிலேயே முடிவு செய்திருந்தார்கள். முத்திரை குத்தி வாங்கிப் போகத்தான் வந்தார்கள்.

அரசு ரத்த வங்கி ஒன்றிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் மலையாள நாட்டில் கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு தனியார் ஜீன் கம்பெனியில் சேர்ந்தேன். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். பூர்வீகம் பார்க்கும் டெஸ்ட்தான் அவர்கள் விற்ற சரக்கு. வாடிக்கையாளர் ஒரு சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பித் தருவார். அதிலிருந்து டிஎன்ஏ பிரிப்பது எங்கள் லேபில் நடக்கும். அதைச் சிப்பில் ஓட்டி எண்களாக்குவது வெளியூரில். எண்கள் திரும்பி வந்ததும் சாஃப்ட்வேர் அவற்றை ஏற்கெனவே சேர்த்து வைத்த மாதிரிகளோடு ஒப்பிட்டு ரிப்போர்ட் போடும். அதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவதும், வாடிக்கையாளருக்கு எதிரில் வைத்து விளக்குவதும் என் வேலை.

முதல் நாள் எம்.டி. ஜிதின் சார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். எம்.பி.ஏ. படித்தவர், மலையாளி, என்னைவிட வயதில் மிகவும் இளையவர். என்னோடு தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவார்.

"பகவதி மேடம், ஆளுகள் இங்கே சயன்ஸ் கேக்கான் வரில்ல. சந்தோஷமா திரிச்சுப் போணும். அத்ரே உள்ளூ."

விஞ்ஞானம் கேட்க யாரும் வருவதில்லை, வந்தவர் சந்தோஷமாகத் திரும்பிப் போனால் போதும் என்பது அதன் பொருள். புதியவளைப் பயமுறுத்தாமல் இருக்கத் தமாஷாகச் சொல்கிறார் என்று அன்று நினைத்தேன். அது கம்பெனியின் கொள்கை என்று புரிய அதிக நாள் ஆகவில்லை.

அன்று மதியம் இருவர் வந்தார்கள். முதலில் கரமனை அக்ரஹாரத்துக்காரர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. வடக்கே புல்வெளி நாடுகளிலிருந்து ஆதியில் வந்தவர்களின் பங்கைக் காட்டும் கட்டத்துக்கு எங்கள் ரிப்போர்ட்டில் ஸ்டெப்பி என்று பெயர். அவருக்கு அது போதவில்லை.

"இதென்னம்மா, ஸ்டெப்பி இவ்ளோ கம்மியா போட்டிருக்கேள்? சாம்பிள் மாறிடுத்தோ? செத்த நோக்கிச் சொல்லுங்கோ."

"மாறலை சார். குழாயில பார்கோடு இருக்கு."

"எங்காத்துல கோத்திரம், பிரவரம் எல்லாம் தெளிவா இருக்கு. உங்க மிஷினுக்கு அது தெரியுமோ?"

"மிஷினுக்குக் கோத்திரம் தெரியாது சார்."

"அப்போ அது என்ன மிஷின்?"

அவர் எழுந்த நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், இங்கே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அவருக்கு அதே கட்டம் அதிகமாகப் போய்விட்டது.

"எனக்கு எப்படி மேடம் ஸ்டெப்பி வரும்? நான் சுத்தமான திராவிடன். இது வடக்கத்திக்காரனுங்க சாஃப்ட்வேர். அவனுங்க இஷ்டத்துக்கு செட் பண்ணி வச்சிருக்கானுங்க."

இருவர் எண்களுக்கும் நடுவே அவர்கள் கற்பனை செய்திருந்த பள்ளத்தாக்கு ஒன்றும் இல்லை. ஆரியம், திராவிடம் இரண்டும் மொழிக் குடும்பங்களுக்கு வைத்த பெயர்கள், அரசியலில் அவற்றுக்கு வேறு வேலை உண்டு, அது என் மேசைக்கு வெளியே, எச்சிலில் மொழி இருக்காது என்று இருவரிடமும் ஒரே மாதிரி சொன்னேன். இருவரும் ஒரே மாதிரி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். இருவரும் ரீ-டெஸ்ட் கேட்டார்கள். மறுபடியும் அதே எண் வந்ததும் இருவரும் இணையத்தில் கம்பெனிக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக முட்டிக்கொள்ளும் இரண்டு கட்சிகள் ஒத்துப்போய் நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

2. மூன்றாவது கட்டம்

பிறகு நடந்தது புரிய, ரிப்போர்ட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் முக்கியமானவை மூன்று கட்டங்கள். ஒன்று ஸ்டெப்பி. இரண்டாவது, மேற்கே ஈரான் பக்கத்துப் பழங்கால மக்களோடு தொடர்புடைய பங்கு. மூன்றாவது, அவர்கள் யாரும் வருவதற்கு முன்பே இந்தப் பக்கம் வேட்டையாடி வாழ்ந்தவர்களின் பங்கு. எங்கள் ரிப்போர்ட்டில் இதற்குப் 'பழந்தென்னாசிய வேட்டுவர்' என்று பெயர்.

இந்தப் பெயர்கள் எல்லாம் ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குப் போடுவதற்கு வசதியாக வைத்துக்கொண்டவை. செத்துப்போன யாரும் தன்னை ஸ்டெப்பி என்று சொல்லிக்கொண்டதில்லை. என் மேசைக்கு வந்த அநேகம் பேருக்கு மூன்றும் கூடக்குறைய இருந்தன. கப்பலில் வந்து இறங்கியவர்களின் வாரிசு என்று பெருமைப்பட விரும்பியவர்களுக்கும் இருந்தன, ஒருநாளும் இந்த மண்ணை விட்டு அசையாதவர்களின் வாரிசு என்று பெருமைப்பட விரும்பியவர்களுக்கும் இருந்தன. மூன்றாவது கட்டத்தைப் பார்த்ததும் பலருக்கு முகம் கோணும். வேட்டுவர் என்ற சொல்தான் காரணம். ஸ்டெப்பிக்காரனும் ஆடு மாடு மேய்த்தவன்தானே என்று கேட்க எனக்கு நாக்கு துடிக்கும். கேட்டதில்லை, அது விளக்கத்தில் சேராது.

3. கடைக் கிளாஸ்

தாணுமூர்த்தி அண்ணாச்சி சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார். குடும்பம் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தது. அவருடைய சாதிச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். எந்தச் சாதி என்று எழுதப் போவதில்லை. எதைப் போட்டுப் படித்தாலும் கதை மாறாது.

சங்கத்து ஆட்கள் எல்லாருக்கும் மொத்தமாக டெஸ்ட் எடுத்து, முடிவை ஆண்டு மலரில் அச்சடிப்பது அவருடைய திட்டம். அதற்காக எங்கள் ஆபீசுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் வந்தவர், அந்த விஷயம் பேசாமல், பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் மேசையில் வைத்தார். உள்ளே ஒரு கண்ணாடி கிளாஸ். அடியில் காய்ந்துபோன சாயாக் கறை.

"இது யாருன்னு பாத்துச் சொல்லணும் மேடம்."

"யாரோடது?"

"எம் மவளைக் கெட்டணும்னு நிக்கிற பய. சுரேஷுன்னு பேரு. கடைக்குக் கூப்பிட்டு ஒரு சாயா வாங்கிக் குடுத்தேன். குடிச்சான், போனான். கிளாஸைக் கழுவாம எடுத்துட்டு வந்துட்டேன் பாத்துக்கிடுங்க."

"டெஸ்ட் எடுக்கப் போறீங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா குடிப்பானா?"

பையனைப் பற்றி அவர் குறை சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஆளு கொள்ளாம். மின்வாரியத்துல ஓவர்சியர். குடி கிடையாது, பீடி கிடையாது. ஆனா மலையடிவாரத்து வித்துராக்காரன். அப்பனும் அம்மையும் போணக்காடு எஸ்டேட்டுல கெடந்தவங்க. தமிழுதான் பேசுதான், ஆனா காட்டு ரத்தம் இருக்கும்னு எனக்கொரு சம்சயம். இருந்தா மவளுக்குக் காட்டிக் குடுக்கலாம். பிசியோதெரபி படிச்ச பிள்ளையாக்கும். சயன்ஸு சொன்னா கேப்பா."

"இல்லேன்னா?"

"இல்லாம எப்படி இருக்கும்?"

இவர் பெண்ணின் பெயர் கார்த்திகா என்பதும், அவளுக்கு வயது முப்பதை நெருங்குகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஓட்டுப் போட, சம்பாதிக்க, அடுத்தவர் முதுகெலும்பைச் சரிசெய்ய வயது வந்துவிட்ட பெண்ணுக்குப் புருஷன் தேட மட்டும் அப்பாவின் பாத்திரக்கடைக் கிளாஸ் வேண்டியிருந்தது.

"ஒருத்தர் சம்மதம் இல்லாம அவர் எச்சிலை எடுத்து டெஸ்ட் பண்றது திருட்டு அண்ணாச்சி. நான் தொட மாட்டேன். கொண்டுபோய்க் கழுவி வையுங்க."

"திருட்டா? கிளாஸு என் கடைக் கிளாஸு மேடம்."

கிளாஸ் அவருடையதாக இருந்தால் அதில் ஒட்டியிருக்கும் மனுஷனும் அவருக்குச் சொந்தம் என்று நிஜமாகவே நம்பினார். நான் அசையாததைப் பார்த்துவிட்டு, கவரை எடுத்துக்கொண்டு ஜிதின் சாரின் அறைக்குள் போனார். வெளியே வரும்போது அவர் கையில் கவர் இல்லை.

நான் உடனே உள்ளே போய்க் கேட்டேன். "ஹேய், ஒண்ணுமில்ல மேடம்," என்று சிரித்தார் ஜிதின் சார். "அவரெ ஒண்ணு சமாதானப்படுத்தி விட்டதா. கிளாஸ் டஸ்ட்பின்ல போகும். போரே?" அவரைச் சமாதானப்படுத்தி அனுப்ப வாங்கி வைத்தாராம், போதாதா என்பது போலக் கையை விரித்தார்.

4. ப்ராண்டிங்

சங்கத்து ஆட்களின் முடிவுகள் வந்தன. மற்ற எல்லாரையும் போலத்தான் இருந்தார்கள். மூன்றாவது கட்டம், அந்த வேட்டுவர் கட்டம், அவர்களுக்கும் நன்றாகவே நிரம்பியிருந்தது. தாணுமூர்த்தி அண்ணாச்சிக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாக.

ஜிதின் சார் மீட்டிங் போட்டார். மீட்டிங் என்றால் அவரும் நானும் லேப் மேனேஜரும்.

"வேட்டுவர்னு கண்டால் அவரு மலர்ல போட மாட்டாரு. பேரு மாத்தலாம். இவருக்கு 'ஆதித்தமிழ்க் குடி'ன்னு கொடுக்கலாம். நல்ல கனமான பேரு அல்லே?"

"அப்ப எல்லா கஸ்டமருக்கும் அந்தப் பேர்தானா?"

"அது வேண்டா. கரமனைக்காருக்கு அது பிடிக்கில்ல. அவர்க்கு வேற பேரு இடலாம். பாக்கி ஜெனரல் ஆளுகளுக்கு 'வன வேட்டுவர்'."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"ஒரே கட்டம் சார். ஒரே கணக்கு. அண்ணாச்சிக்குக் குடுத்தா தமிழ்க்குடி, அடுத்தவனுக்குக் குடுத்தா காட்டுவாசியா?"

"நம்பர் மாத்தினால் ஃப்ராடு மேடம். பேரு மாத்துன்னது ப்ராண்டிங்."

லேப் மேனேஜர் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி மாற்றிய எந்த ரிப்போர்ட்டிலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அங்கேயே சொன்னேன், பிறகு மெயிலிலும் எழுதினேன். பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் ஒத்துக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது அரசு ஆபீஸ் பழக்கம். தனியாரில் அதற்கு வேறு அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியாது.

இரண்டொரு நாளில் தாணுமூர்த்தி அண்ணாச்சி மலருக்கான மாதிரிப் பக்கத்தோடு என் மேசைக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. 'ஆதித்தமிழ்க் குடி' என்ற எழுத்துக்குக் கீழே தங்க நிறத்தில் கோடு போட்டிருந்தார்கள்.

"கண்டீங்களா மேடம்? ஆதி! நாங்க பண்டுமுதலே இருக்குத ஆளுக. வெளியில இருந்து ஒருத்தனும் வரல்ல."

மற்ற இரண்டு கட்டங்களும் அதே பக்கத்தில்தான் இருந்தன. அவர் விரல் அந்தப் பக்கம் போகவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்றேன், கோபப்படக் கூடாது. நீங்க காட்டு ரத்தம்னு சொல்றீங்களே, அது தனியா ஒரு கட்டமா வராது. அப்படி ஏதாவது இருந்தா, இப்ப நீங்க விரல் வச்சிருக்கற இந்தக் கட்டத்துலதான் வரும்."

விரலை எடுத்தார். பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதேதானா?"

"இதேதான்."

ஒரு மனுஷன் என் கண்ணெதிரே மாறப் போகிறான் என்று ஒரு கணம் நானும் நம்பினேன். அவர் பக்கத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"அது எங்களுக்கு வேற மாதிரி வந்திருக்கும் மேடம்," என்றார். போய்விட்டார்.

5. நான் போடாத கையெழுத்து

அதற்கடுத்த மாதம் கார்த்திகாவும் சுரேஷும் என் மேசைக்கு வந்தார்கள். இருவரையும் அன்றுதான் முதல்முறை நேரில் பார்க்கிறேன். அவள் ஒல்லி, வேகமாகப் பேசுபவள். அவன் உயரம், வெயிலில் நின்று வேலை செய்கிறவனின் கழுத்து. அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து பேசினான்.

இருவரும் ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்படி சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் கல்யாண நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். அந்த நோட்டீஸைப் போர்டில் ஒட்டுவார்கள். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம். தாணுமூர்த்தி எழுதிக் கொடுத்துவிட்டார். இருவரும் வேறுவேறு இனம் என்பது ஆட்சேபம். அதற்குச் சான்றாக இரண்டு ரிப்போர்ட்டுகளை இணைத்திருந்தார், ஒன்று அவருடையது, இன்னொன்று சுரேஷுடையது.

கார்த்திகா நகலை என் முன்னால் வைத்தாள். "மேடம், இவன் இந்தக் கட்டடத்துக்குள்ள இன்னிக்குத்தான் காலு வைக்கான். பின்ன இவனுக்கு எப்படி ரிப்போர்ட் வந்தது? கீழ உங்க ஒப்பு கிடக்கு."

என் கையெழுத்துத்தான். நான் சேர்ந்தபோது சாஃப்ட்வேருக்காக ஸ்கேன் செய்து வாங்கியது. 'வன வேட்டுவர்' என்ற கட்டத்துக்கு நேராகச் சிவப்புக் கோடு. கடைசியில், எங்கள் ரிப்போர்ட்டுகளில் எப்போதும் இல்லாத ஒரு வரி: இவ்விரு நபர்களின் குடும்பங்களுக்கும் இடையே எவ்வித ரத்த சம்பந்தமும் இல்லை என உறுதி செய்யப்படுகிறது. அதற்கும் கீழே என் பெயர். ரத்த வங்கியில் இருந்த காலம் முழுக்க ஒரு பையின் லேபிளில் என் இனிஷியலைப் போடும் முன் இரண்டு தடவை பார்த்தவள் நான். இந்தத் தாளை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"எனக்கு ஒரு சாயா நினைவு வருது மேடம்," என்றான் சுரேஷ். "கடையில மாமா கிளாஸை அவரு கையாலயே வாங்கி வச்சாரு. எவ்வளவு மரியாதைன்னு நினைச்சேன்."

நடந்ததைச் சொன்னேன். அது கம்பெனி ரகசியத்தை மீறிய செயல் என்று பிறகு எனக்கு எழுதினார்கள். திருட்டுக் கொடுத்தவனிடம் திருட்டைச் சொல்லக் கூடாது என்று எந்த ஒப்பந்தத்திலும் நான் கையெழுத்துப் போடவில்லை.

அவர்களை அங்கேயே உட்கார வைத்துவிட்டு சிஸ்டத்தில் தேடினேன். கிளாஸ் டஸ்ட்பின்னுக்குப் போகவில்லை, லேபுக்குப் போயிருந்தது. சுரேஷ் பெயரில் நேரில் வந்து கொடுத்த சாம்பிளாகப் பதிவாகியிருந்தது. ஆனால் காய்ந்த சாயாக் கறையில் சிப்புக்குப் போதுமான டிஎன்ஏ இருக்கவில்லை. க்யூசி என்கிற தரச் சோதனையிலேயே ஃபெயில். அதாவது, அந்த ரிப்போர்ட்டில் உள்ள எண்கள் எந்த மனிதருடையவையும் அல்ல.

ஜிதின் சாரின் அறைக்குப் போனேன்.

"சாம்பிள் ஃபெயில் சார். பின்ன இந்த நம்பர் எங்கேர்ந்து வந்தது?"

"ஏரியா ஆவரேஜ் இட்டதா மேடம். வித்துரா சைடுக்கு ஏகதேசம்."

வித்துராப் பக்கத்து சராசரியை உத்தேசமாகப் போட்டார்களாம். வித்துராவிலிருந்து ஒரே ஒரு ஆள்கூட அதுவரை எங்களிடம் டெஸ்ட் எடுத்ததில்லை.

"என் கையெழுத்து?"

"அது ஆட்டோமாட்டிக்கா விழும். மேடம் இதை பர்சனலா எடுக்கண்டா."

"என் பேரு சார். அதைவிட பர்சனலா எனக்கு என்ன இருக்கு?"

அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். நான் வெளியே வந்து, ஃபெயில் என்று காட்டும் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தேன். சப்-ரிஜிஸ்ட்ரார் விசாரணைக்கு என்றைக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்று கார்த்திகாவிடம் கேட்டேன்.

6. தெளிவு

சப்-ரிஜிஸ்ட்ரார் நடுவயதுப் பெண். மேசையில் பத்திரக்கட்டுகள், தலைக்கு மேல் மெதுவாகச் சுற்றும் ஃபேன். தாணுமூர்த்தி சங்கத்து ஆட்கள் சிலரோடு வந்திருந்தார். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு. என்னைப் பார்த்ததும் தன் பக்கம் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்து இடம் விட்டு உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை.

"இது நிங்ஙளுடெ ஒப்பாணோ?" என்று என்னிடம் கேட்டார் அதிகாரி.

கையெழுத்து என்னுடையது, போட்டது நான் இல்லை என்றேன். சாம்பிள் ஃபெயில் ஆனதையும், ஆளின் சம்மதம் இல்லாமல் கிளாஸிலிருந்து எடுத்ததையும் சொல்லி, பிரிண்டைக் கொடுத்தேன். அறையில் சத்தம் எழுந்தது.

"இவங்களுக்கும் கம்பெனிக்கும் சண்டை. அதான் மாத்திச் சொல்லுதாங்க," என்றார் தாணுமூர்த்தி. "மேடம், நீங்க அந்தக் கடைசி வரியை வாசிச்சுப் பாருங்க. கம்பெனி தெளிவா எழுதிக் குடுத்திருக்கு."

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். இரண்டாவது தடவையும் வாசித்தார்.

"ரெண்டு வீட்டுக்கும் ரத்தபந்தம் இல்ல என்னாணு நிங்ஙள் பறயுன்னது?"

"ஒரு சம்பந்தமும் கிடையாது! கடுகளவு கிடையாது! அதைத்தானே நான் சொல்லுகேன்!"

"பின்னெந்தா பிரஸ்னம்?"

பிறகென்ன பிரச்சினை என்ற கேள்வி தாணுமூர்த்திக்குப் புரியவில்லை. அதிகாரி பொறுமையாக விளக்கினார். இந்தச் சட்டத்தில் கல்யாணத்தைத் தடுக்கக் காரணங்கள் சிலதான் உண்டு. வயது போதாமல் இருக்க வேண்டும், முதல் கல்யாணம் உயிரோடு இருக்க வேண்டும், சித்தம் சரியில்லாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருவரும் நெருங்கிய ரத்த உறவாக இருக்க வேண்டும்.

"ரத்தபந்தம் உண்டெங்கிலே தடையுள்ளூ," என்றார். "இல்ல என்னு நிங்ஙள் தன்னெ தெளிவு கொண்டு வந்நு. அதும் ஒப்பிட்டு."

ரத்த சம்பந்தம் இருந்தால்தான் தடை, இல்லை என்பதற்கு நீங்களே சான்று கொண்டுவந்திருக்கிறீர்கள் என்கிறார். மூலையில் இருந்த கிளார்க் சிரிப்பை அடக்க ஒரு ஃபைலைக் கையிலெடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். சங்கத்து ஆட்களில் ஒருவர் தாணுமூர்த்தியின் காதில், "அண்ணே, அப்ப சொந்தக்காரன்னு ரிப்போர்ட் வாங்கியிருக்கணும்," என்றார். இத்தனைக்கும் அவர் ஓய்வு பெற்ற வாத்தியார்.

ரிப்போர்ட் உண்மையாக இருந்தாலும் பயனில்லை, பொய்யாக இருந்தால் இன்னும் மோசம் என்று சொல்லி அதிகாரி ஆட்சேபத்தைத் தள்ளினார். பொய் ரிப்போர்ட்டைப் பற்றிப் புகார் கொடுக்கலாம் என்று சுரேஷிடம் சொன்னார்.

வராந்தா பெஞ்சில் தாணுமூர்த்தி தனியாக உட்கார்ந்திருந்தார். கூட வந்தவர்கள் ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார்கள். கார்த்திகா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"அந்த ரெண்டு ரிப்போர்ட்டையும் நீ வாசிச்சுப் பாத்தியா?" என்றார் தரையைப் பார்த்து.

"பாத்தேன் அப்பா. பொய்க்கணக்குன்னே வச்சுக்கிட்டாலும், ரெண்டுலயும் அந்தக் கட்டம் ஏகதேசம் ஒண்ணுதான். பேருதான் வேற."

"பேருன்னா சும்மாவா?" என்றார் அவர். "பேருதானேட்டி எல்லாம்."

அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. அது அதிக நேரம் நிற்கவில்லை. இந்த மனுஷன் தன் மகளின் கல்யாணத்தைக் கலைக்க ஒரு பையனுக்கு மரியாதையாகச் சாயா கொடுத்தவர் என்பது நினைவுக்கு வந்ததும் போய்விட்டது.

7. வித்துராவில் சாப்பாடு

கம்பெனியை விட்டு விலகினேன். சுரேஷ் புகார் கொடுத்தான். ஜிதின் சார் எழுத்தில் மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொண்டார். இப்போது கம்பெனி, தலைமுடி எப்போது கொட்டும் என்று ஜீனைப் பார்த்துச் சொல்கிறதாம். அதற்கும் சந்தோஷமாகத் திரும்பிப் போகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். சங்கத்தின் ஆண்டு மலரும் தங்கக் கோட்டோடு வந்தது. என் கையெழுத்து மட்டும் அதில் இல்லை, வக்கீல் நோட்டீஸ் அனுப்பி எடுக்க வைத்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்ல ஒன்று உண்டு. எண்ணில் தவறு வந்தால் க்யூசி பிடித்துவிடும். தலைப்பில் வரும் அயோக்கியத்தனத்தைப் பிடிக்க மிஷின் கிடையாது. ஒரு கட்டத்துக்கு யார் பெயர் வைத்தார், யாரைக் குளிர்விக்க வைத்தார் என்று கேளுங்கள். எல்லாருக்கும் ஒரே பெயர் போடாத ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கையெழுத்தை யாருக்கும் ஸ்கேன் செய்து கொடுக்கவும் வேண்டாம்.

இதோடு பாடம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

கல்யாணம் பதிவாகிச் சில வாரம் கழித்து, சுரேஷும் கார்த்திகாவும் வித்துராவில் அவன் வீட்டுக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பஸ் ஏறிப் போனேன். தாணுமூர்த்தி அதுவரை அந்த வீட்டுப் படி ஏறவில்லை என்று கார்த்திகா சொன்னாள். சுரேஷின் அம்மா செல்லம்மாள் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளி, எஸ்டேட் நொடித்த பிறகு பிள்ளையைக் கூலி வேலை செய்து படிக்க வைத்தவர். இலை போட்டு, என்னை உட்கார வைத்து, பக்கத்திலேயே நின்று பரிமாறினார். என்னால்தான் தன் பிள்ளைக்கு நல்லபடி கல்யாணம் நடந்தது என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

கார்த்திகா அப்பளம் எடுக்க அடுப்படிக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"நல்ல புள்ளதான். குறை சொல்லல. ஆனா அவங்க கூட்டம் நம்மள விட ஒரு படி கம்மி. அந்தக் காலத்துல எங்க வீட்டு வாசப்படி ஏற விட மாட்டோம்."

என் கையில் சோறு அப்படியே நின்றது.

"எங்க பாட்டன் முப்பாட்டன் எல்லாம் ராசாவுக்குப் படை நடத்துனவங்க. பஞ்சம் வந்துதான் மலை ஏறுனோம். உங்க டெஸ்ட்டுல அதெல்லாம் தெரியுமாமே? சுரேசுக்கு ஒழுங்கா ஒண்ணு எடுத்துக் குடுங்க. சம்பந்தி வீட்டுக்கு அனுப்பணும்."

"அதுல ராசாவும் தெரிய மாட்டார், படைத்தலைவரும் தெரிய மாட்டாரும்மா. அப்படி ஒரு கட்டம் கிடையாது."

செல்லம்மாள் என்னை நிஜமான பரிதாபத்தோடு பார்த்தார். இன்னும் ஒரு கரண்டி சாம்பார் ஊற்றினார்.

"அப்புறம் எதுக்கும்மா இம்புட்டுப் படிச்சீங்க?" என்றார்.